பேராசிரியர் பட்ட கடன்

2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, அது லைபீரியாவுக்குப் புதிய நோய் என்றே அங்கிருந்த மருத்துவர்கள் நம்பினார்கள். உதவிக்கு வந்த உலக நிபுணர்களும் அப்படியே எண்ணினார்கள். நோய் அடங்கத் தொடங்கிய பின், 2015 ஏப்ரலில், லைபீரிய நலவாழ்வுத் துறையின் தலைமை மருத்துவ அதிகாரி பெர்னிஸ் டானும் உடன் பணியாற்றிய இருவரும் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். 1982இல் ஓர் ஐரோப்பிய ஆய்விதழில் வெளியான ஆய்வறிக்கை ஒன்று அவர்கள் கண்ணில் பட்டிருந்தது. ஜெர்மானிய ஆய்வாளர்கள் லைபீரிய மக்களின் ரத்த மாதிரிகளைச் சோதித்து, அவற்றில் எபோலாவின் தடயத்தைக் கண்டிருந்தார்கள். எபோலா நிலவும் பகுதிகளில் லைபீரியாவையும் சேர்த்தாக வேண்டும் என்று அப்போதே எழுதியும் வைத்திருந்தார்கள். ரத்தம் கொடுத்தவர்கள் லைபீரியர்கள். எழுதியவர்களில் ஒரு லைபீரியர்கூட இல்லை. அப்படிப்பட்ட கட்டுரை ஒன்றை இணையத்திலிருந்து இறக்கிப் படிக்க 45 டாலர் கட்ட வேண்டியிருந்தது. அங்குள்ள ஒரு மருத்துவருக்கு அது ஏறக்குறைய அரை வாரச் சம்பளம். அந்த ஒரு நாட்டில் மட்டும் 4,800 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

கட்டுரை கைக்குக் கிடைத்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. படித்தவர் அதை நம்பியிருக்க வேண்டும். நம்பியவரிடம் கையுறையும் தனி வார்டும் ஆய்வுக்கூடமும் இருந்திருக்க வேண்டும். ஆனாலும் ஒரு கேள்வியிலிருந்து தப்ப வழியில்லை. ஒரு மக்கள் கூட்டத்திடமிருந்து பெற்ற அறிவை, அந்த மக்களுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, ஆய்வாளர் தன் வேலை முடிந்தது என்று எழுந்து போகலாமா?

இதற்குப் பல்கலைக்கழகங்கள் கண்டிருக்கும் வழி எளிமையானது. நூலகத்தின் பொறுப்பில் ஓர் இணையக் களஞ்சியம். ஆசிரியர்கள் தங்கள் கட்டுரைகளின் படியை அதில் இட வேண்டும். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துப் படிக்கலாம். பதிப்பகம் பக்கம் கட்டி, முத்திரை வைத்து வெளியிட்ட வடிவத்தை அப்படியே இடுவதற்குப் பெரும்பாலும் அனுமதி கிடைக்காது. ஆனால் மதிப்பீட்டாளர்களின் குறிப்புகளுக்கேற்பத் திருத்தி, இதழ் ஏற்றுக்கொண்ட கடைசிக் கைப்பிரதியை இடப் பெரிய பதிப்பகங்களில் பலவும் சம்மதிக்கின்றன. சில இதழ்கள் உடனே இடவிடும். பல இதழ்கள் ஆறு மாதமோ ஓராண்டோ இரண்டாண்டோ பொறுக்கச் சொல்லும். எழுத்துருவும் பக்க எண்ணும் வேறாக இருக்கும், சொல்லும் சேதி ஒன்றே.

இப்படி இடுவது பேராசிரியர் மனமுவந்து செய்யும் கொடையா, அவர் தீர்த்தே ஆக வேண்டிய கடனா? கொடை என்றால் செய்யாதவரைக் குறை சொல்ல முடியாது. கடன் என்றால் செய்யாதிருப்பது தவறு. பல்கலைக்கழகம் கேட்டு வாங்கலாம். இது கடன்தான் என்று காட்ட, கட்டுரைக்கு யார் யார் என்ன செலவழித்தார்கள் என்று பார்த்தாலே போதும்.

அரசுப் பல்கலைக்கழக ஆசிரியரின் சம்பளம் மக்கள் வரிப்பணம். ஆய்வகக் கருவியும் வேதிப்பொருளும் களப்பயணச் செலவும் பெரும்பாலும் அரசு நல்கை. எழுதிய கட்டுரையை இதழுக்கு அவர் இலவசமாகக் கொடுக்கிறார். அதைப் படித்துப் பிழை கண்டு சொல்லும் மதிப்பீட்டாளர்களும் வேறு பல்கலைக்கழகங்களில் சம்பளம் வாங்கும் ஆசிரியர்களே. இதழ் அவர்களுக்குக் காசு கொடுப்பதில்லை. கட்டுரை ஏற்கப்பட்டதும் ஒரு படிவம் வரும். பதிப்புரிமை முழுவதையும் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுக்கும் அந்தப் படிவத்தை வாசிக்காமலே கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம். பிறகு அதே கட்டுரையை அதே பல்கலைக்கழகத்தின் நூலகம் சந்தா கட்டி வாங்குகிறது. ஆய்வுப் பதிப்பில் முதலிடத்தில் நிற்கும் நிறுவனம் தன் அறிவியல் பதிப்பு வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இலாபமாகக் காட்டி வருகிறது.

பதிப்பகங்கள் ஒன்றுமே செய்வதில்லை என்று சொல்வது நேர்மையாகாது. மதிப்பீட்டை ஒழுங்குபடுத்துகிறார்கள், மொழியைச் சீர்ப்படுத்துகிறார்கள், பழைய இதழ்களை அழியாமல் காக்கிறார்கள். அதற்குக் கூலி உண்டு. ஆனால் செய்த வேலைக்குக் கூலி கேட்பது வேறு, பிறர் பணத்தில் விளைந்த அறிவு முழுவதற்கும் உரிமையாளராவது வேறு. நாவலாசிரியருக்கு எழுத்து பிழைப்பு. புத்தகம் விற்றால்தான் உலை கொதிக்கும். அவர் நூலை இலவசமாக இணையத்தில் ஏற்றுவது திருட்டு. ஆய்வுக் கட்டுரையை எழுதியவருக்கு அதன் விற்பனையிலிருந்து ஒரு ரூபாயும் வருவதில்லை. அவருக்குரிய ஊதியம் முன்பே கொடுக்கப்பட்டுவிட்டது. கொடுத்தவர்கள் கேட்கும்போது, படிக்கவாவது தர வேண்டும் அல்லவா? கடன் என்ற சொல் இங்கே மிகையே இல்லை.

கட்டுரையைத் திறந்துவைக்க இன்னொரு வழியும் இருக்கிறது. எழுதுகிறவரிடமே பணம் வாங்கிக்கொண்டு வாசகருக்கு இலவசமாகக் கொடுப்பது. நேச்சர் இதழ் 2021 முதல் இதற்கென்று 9,500 யூரோ கட்டணம் வைத்தது. இந்தியக் கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு அது பல மாதச் சம்பளம். முன்பு ஏழை நாட்டு ஆய்வாளரால் வாசிக்க முடியவில்லை. இந்த வழியில் அவரால் வாசிக்க முடியும், எழுதத்தான் முடியாது. ஓர் அநீதியை நீக்கி இன்னோர் அநீதியை அங்கே உட்காரவைப்பது தீர்வாகாது. களஞ்சியத்தில் எழுதுகிறவருக்கும் செலவில்லை, வாசிக்கிறவருக்கும் செலவில்லை. பராமரிப்புச் செலவைப் பல்கலைக்கழகம் ஏற்கிறது. அறத்தின் கண்ணோடு பார்த்தால் இரண்டில் இதுவே மேலான வழி.

தொழில்நுட்பம் தெரியாமல் நின்றுபோன காரியம் என்றும் சொல்ல முடியாது. இயற்பியலாளர்கள் 1991 முதலே ஆர்கைவ் தளத்தில் தங்கள் கைப்பிரதிகளை இட்டு வருகிறார்கள். 2000இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம், எந்த நிறுவனமும் களஞ்சியம் அமைத்துக்கொள்ளும்படி இபிரின்ட்ஸ் என்ற மென்பொருளை இலவசமாகக் கொடுத்தது. 2002இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் அதைக்கொண்டு இந்தியாவின் முதல் நிறுவனக் களஞ்சியத்தைத் தொடங்கியது, டி.பி.ராஜசேகர் என்ற தகவல் அறிவியலாளரின் உழைப்பு அதில் பெரிது. சென்னையில் சுப்பையா அருணாசலம் இதற்காகப் பல ஆண்டுகள் ஊர் ஊராகப் பேசினார், 2004இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் களஞ்சியம் அமைக்கும் பயிலரங்குகளும் நடந்தன. 2006இல் ரூர்கேலா தேசியத் தொழில்நுட்பக் கழகம் தன் ஆசிரியர்கள் எல்லோரும் கட்டுரைகளை இட்டாக வேண்டும் என்று விதித்தது. 2014 டிசம்பரில் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும், தங்கள் நல்கையில் நடந்த ஆய்வுகள் களஞ்சியத்துக்கு வர வேண்டும் என்று கொள்கை வகுத்தன. மென்பொருளும் வந்தது, ஆணையும் வந்தது.

வராதது கட்டுரைகள்தான். நம் பல்கலைக்கழகக் களஞ்சியங்கள் பலவற்றைத் திறந்து பார்த்தால் கடந்த ஆண்டுகளின் தேர்வு வினாத்தாள்கள் இருக்கும், ஆண்டறிக்கை இருக்கும், பட்டமளிப்பு விழா பற்றிய செய்தித்தாள் நறுக்குகளை ஸ்கேன் செய்து வைத்திருப்பார்கள். ஆசிரியர்களின் ஆய்வு என்ற தலைப்பைச் சொடுக்கினால் விரல்விட்டு எண்ணும் அளவில் கட்டுரைகள், பாதிக்கு மேல் சுருக்கம் மட்டும். இது சோம்பலால் வந்த வினை என்று ஆசிரியர்களைத் திட்டிவிட்டுப் போவது எளிது, நியாயமாகாது. ஒரே கட்டுரையின் விவரத்தை, கல்லூரிகளை மதிப்பிடும் நாக் குழுவுக்கு ஒரு முறை, தரவரிசைக்கு ஒரு முறை, துறைத் தலைவருக்கு ஒரு முறை, பதவி உயர்வுக் கோப்புக்கு ஒரு முறை என்று நிரப்பிக் களைத்தவர்கள் அவர்கள். ஐந்தாவதாக இன்னொரு படிவம் நீட்டினால் அதை யார் வரவேற்பார்கள்? அதோடு பதிப்பகம் வழக்குப் போடுமோ என்ற பயம் வேறு. எந்த இதழ் எதை அனுமதிக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஆளில்லை.

பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகம் இதை எப்படிக் கையாண்டது என்பது கவனிக்கத்தக்கது. அங்கே பெர்னார் ராந்தியே என்ற நச்சுயிரியல் அறிஞர் ரெக்டராக இருந்தார். அவர் காலத்தில், 2007இல், கட்டுரைகளைக் களஞ்சியத்தில் இடுவது கட்டாயமாக்கப்பட்டது; 2008இல் ஓர்பி என்ற களஞ்சியம் திறக்கப்பட்டது. இடாதவருக்குத் தண்டனை எதுவும் அறிவிக்கவில்லை. பதவி உயர்வுக்கும் நல்கைக்கும் ஒருவருடைய வெளியீடுகளைப் பார்க்கும்போது களஞ்சியத்தில் உள்ளவற்றை மட்டுமே கணக்கில் கொள்வோம் என்றார்கள், அவ்வளவுதான். வெளியீட்டுப் பட்டியல்களைக் களஞ்சியமே தயாரித்துக் கொடுத்ததால் ஆசிரியருக்கு வேலையும் குறைந்தது. இதழ் பொறுக்கச் சொன்ன காலம் முடியாத கட்டுரையையும் உடனே இட வேண்டும். கோப்பு மூடியிருக்கும், தலைப்பும் சுருக்கமும் தெரியும், வேண்டுகிறவர் ஒரு பொத்தானை அழுத்தினால் ஆசிரியருக்குக் கோரிக்கை போகும், அவர் படியை அனுப்பலாம். சில ஆண்டுகளில் களஞ்சியம் நிரம்பியது.

ஹார்வர்டு வேறு பாதையில் போனது. 2008 பிப்ரவரியில் கலை, அறிவியல் புலத்தின் ஆசிரியர்கள் கூடி, தங்கள் கட்டுரைகளைத் திறந்து வெளியிடும் உரிமத்தைப் பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே வழங்குவதாக ஒருமனதாக வாக்களித்தார்கள். ஒரு குறிப்பிட்ட கட்டுரைக்கு விலக்கு வேண்டும் என்று ஆசிரியர் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். அங்கே கட்டாயம் மேலிருந்து வரவில்லை. ஆசிரியர்கள் தாமாகத் தமக்கு இட்டுக்கொண்ட கட்டு அது.

எந்தக் கட்டாயத்தையும் ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாதம் லேசானதல்ல. ஜெர்மனியில் 2014 தொடக்கத்தில் ஒரு சட்டத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பாதியாவது பொதுப்பணத்தில் நடந்த ஆய்வு, ஆண்டுக்கு இரு முறையாவது வெளிவரும் இதழில் வந்திருந்தால், ஓராண்டு கழித்து ஆசிரியர் தன் கைப்பிரதியை இலாபநோக்கின்றி வெளியிடலாம். பதிப்பகத்தோடு என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் அந்த உரிமை போகாது. கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகம் ஒரு படி மேலே போய், இந்த உரிமையைப் பயன்படுத்துவது ஆசிரியரின் கடமை என்று 2015இல் விதி செய்தது. அதன் சட்டப் புலத்தைச் சேர்ந்த 17 பேர் நீதிமன்றம் போனார்கள். எதை, எங்கே, எப்போது வெளியிடுவது என்று தீர்மானிப்பது ஆய்வுச் சுதந்திரத்தின் பகுதி. சட்டம் விருப்பமாகக் கொடுத்ததை நிர்வாகம் கடமையாக மாற்ற முடியாது என்பது அவர்கள் கட்சி. 2017இல் மாநில நிர்வாக நீதிமன்றம் வழக்கைக் கூட்டாட்சி அரசியல்சாசன நீதிமன்றத்தின் பார்வைக்கு அனுப்பியது.

நாஜி ஆட்சி பல்கலைக்கழகங்களை என்ன செய்தது என்று அறிந்த நாட்டில், பேராசிரியர்கள் நிர்வாக ஆணையைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை. அந்தச் சந்தேகம் ஒரு சமூகத்தின் நல்ல நினைவாற்றல். ஆனால் ஆய்வுச் சுதந்திரம் எதைக் காக்கிறது? ஆய்வாளர் வாயை அடைக்காமலிருப்பதை, இன்னதைச் சொல் என்று கட்டளையிடாமலிருப்பதை, எந்த இதழில் எழுதுவது என்ற தேர்வில் கை வைக்காமலிருப்பதை. கொன்ஸ்டான்ஸ் விதி இவற்றில் எதையும் தொடவில்லை. ஆய்வாளர் விரும்பிய இதழில், விரும்பிய சொற்களில் வெளியிட்டு ஓராண்டு ஆன பிறகு, மேலும் ஒரு படி பொதுவில் வைக்கப்படுகிறது. அதனால் எந்தக் கருத்தும் அமுங்கவில்லை. தான் வெளிப்படையாகச் சொன்னதைக் காசுள்ளவர் மட்டும்தான் கேட்க வேண்டும் என்று வற்புறுத்துவது சுதந்திரத்தின் எந்தக் கணக்கிலும் சேராது.

ஆனாலும் அந்த 17 பேர் சரியான ஓர் இடத்தைத் தொட்டிருக்கிறார்கள்: கட்டளை யாரிடமிருந்து வருகிறது என்பது. துணைவேந்தர் அலுவலகத்துச் சுற்றறிக்கையாக வரும் கடமை, நம் பல்கலைக்கழகங்களில், இன்னொரு படிவம் நிரப்பும் சடங்காகவே முடியும். கல்விப் பேரவையில் ஆசிரியர்களே விவாதித்து, விலக்குகளையும் தாங்களே வகுத்து, வாக்களித்து ஏற்க வேண்டும். ஹார்வர்டு போல முடிவெடுத்து, லியேஜ் போல நடத்துவதே முறை. ஆசிரியர் செய்ய வேண்டியது கைப்பிரதியை மின்னஞ்சலில் அனுப்புவது மட்டுமாக இருக்கட்டும். இதழின் விதியைப் பார்ப்பது, விவரங்களைப் பதிவது, பொறுக்கச் சொன்ன காலம் முடிந்ததும் திறப்பது எல்லாம் நூலகத்தின் வேலை. அதற்கு ஆள் நியமிக்காமல் ஆணை மட்டும் போடுகிற நிர்வாகம் ஆசிரியர்களைக் குறை சொல்லத் தகுதியற்றது.

விலக்குக்கு உரியவர்கள் உண்மையிலேயே உண்டு. பேராசிரியர் எழுதிய நாவலும் கவிதையும் பாடநூலும் இந்தக் கடனில் சேரா. வரலாறோ இலக்கியமோ ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்ற இளைஞர், தன் ஆய்வேட்டைப் புத்தகமாக்கப் பதிப்பாளரைத் தேடிக்கொண்டிருக்கலாம். வேலை கிடைக்காத நிலையில் அவரிடமுள்ள ஒரே முதல் அதுதான். அவருக்கு இரண்டு மூன்று ஆண்டு அவகாசம் கொடுப்பது இரக்கமன்று, நியாயம். கடனின் பாரம் பதவியும் பாதுகாப்பும் உள்ள மூத்தவர்கள் தோளில்தான் முதலில் ஏற வேண்டும்.

இதைவிடக் கனமான விலக்கு ஒன்று இருக்கிறது. 1987இல் தாவரவியலாளர் குழு ஒன்று அகத்தியமலைப் பகுதியில் களப்பணிக்குப் போனது. வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடி இளைஞர்கள் ஒரு சிறுசெடியின் காய்களைத் தின்றுகொண்டு, ஏறுமலையிலும் களைப்பின்றி நடந்தார்கள். அது என்ன செடி என்று குழுவினர் கேட்டார்கள். வெளியாருக்குச் சொல்லக் கூடாத செய்தி என்று இளைஞர்கள் தயங்கினார்கள். வற்புறுத்திய பிறகே காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு அருகே பாலோட்டிலுள்ள தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. 1990களின் நடுவில் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு அதன் உரிமம் கொடுக்கப்பட்டது. வந்த உரிமத் தொகையிலும் பங்குத் தொகையிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென்று ஓர் அறக்கட்டளையும் ஏற்பட்டது. உலகமெங்கும் நல்ல முன்மாதிரியாக இதைப் பேசினார்கள். ஆனால் காணி மூத்த மருத்துவர்கள் சிலர் தங்கள் அறிவை வெளியே கொடுத்ததையே எதிர்த்தார்கள். எங்களைக் கேட்காமல் இளைஞர்கள் சொன்னதை எங்கள் சம்மதமாக எப்படி எடுத்துக்கொண்டீர்கள் என்பதே அவர்கள் கேள்வியின் உள்ளடக்கம்.

இங்கே எல்லாவற்றையும் திறந்துவை என்ற முழக்கம் நின்று யோசிக்க வேண்டும். வரிப்பணம் கொடுத்தவர்களுக்கு ஆய்வாளர் பட்ட கடனைவிட, அறிவையே கொடுத்தவர்களுக்குப் பட்ட கடன் மூத்தது. அந்த மூத்த கடனைத் தீர்க்காமல் மற்றதைத் தீர்க்க முடியாது. காட்டு மூலிகையின் பயனும், நோயாளியின் மருத்துவ விவரமும், ஒரு சிற்றூரின் சாதிப் பகை பற்றிப் பெயர் சொல்லிக் கொடுத்த வாக்குமூலமும் பேராசிரியரின் சொத்தல்ல, அவர் நினைத்தபடி இணையத்தில் ஏற்ற. சொன்னவர்களிடம் மறுபடி போய்க் கேட்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் அந்தப் பக்கங்கள் மூடியே இருக்கட்டும்.

அதே நேரம், மூடிவைப்பதே எப்போதும் காப்பு என்று நினைப்பதும் பிழை. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. இந்திய அறிவியல் தொழில்துறை ஆய்வு மன்றம் எதிர்த்து வாதாடி 1997இல் அதை நீக்கவைத்தது. எங்கள் பாட்டி செய்தார் என்று சொன்னால் காப்புரிமை அலுவலகம் கேட்காது. அச்சில் காட்ட வேண்டும். பழைய மருத்துவ நூல்களோடு, 1953இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஒரு கட்டுரையும் சான்றாகக் கைகொடுத்தது. யாரோ ஒருவர் எழுதி வெளியிட்டு வைத்ததுதான் மஞ்சளை மீட்டது. அந்த அனுபவத்துக்குப் பிறகு உருவான மரபறிவு மின்நூலகத்தை எல்லோருக்கும் திறக்காமல், ஒப்பந்தம் செய்துகொண்ட காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டும் காட்டினார்கள். முன்பே நூல்களில் இருப்பது ஒருவகை, ஒரு குழுவின் நாவில் மட்டும் இருப்பது இன்னொரு வகை. எதைத் திறப்பது, எதை மூடுவது என்பதற்கு ஒற்றை விதி கிடையாது. யாருடைய அறிவு, அவர் என்ன சொன்னார் என்ற கேள்வியை ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும்.

திறந்தும் பயனில்லாத நிலை ஒன்று உண்டு. தமிழ் ஆய்வுலகம் அதை நன்றாக அறியும். பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் கொண்டுவந்த நெறிமுறையால், முனைவர் பட்ட ஆய்வேடுகள் காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் நடத்தும் சோத்கங்கா தளத்துக்கு வந்து சேர்கின்றன. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவை சேர்ந்துவிட்டன. ரெக்சின் அட்டை போட்டு, பொன்னெழுத்து பதித்து, துறை நூலகப் பீரோவில் பூட்டிக் கிடந்தவை இன்று எந்த ஊரிலிருந்தும் கிடைக்கின்றன. இது மிகப் பெரிய காரியம். ஒரே தலைப்பில் நான்கு பல்கலைக்கழகங்களில் ஒரே ஆய்வு திரும்பத் திரும்ப நடப்பதும், ஒருவர் ஏட்டை இன்னொருவர் பெயர்மாற்றிக் கொடுப்பதும் வெளிச்சத்துக்கு வர இதுவே காரணம்.

ஆனால் அங்கே ஒரு தமிழ் ஆய்வேட்டைத் திறந்து பாருங்கள். முகப்பு, சான்றிதழ், உறுதிமொழி, நன்றியுரை, இயல் ஒன்று, இயல் இரண்டு என்று தனித்தனிக் கோப்புகள். பல ஏடுகள் பக்கங்களைப் படம் பிடித்து வைத்தவை. கண்ணால் படிக்கலாம், ஒரு சொல்லைத் தேட முடியாது. வேறு பல, பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை. திரையில் தமிழாகத் தெரியும் வரியைப் படியெடுத்து ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கொட்டும். தேடுபொறிக்கும் அது அப்படித்தான் தெரியும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யுனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. அதற்குப் பின்னும் பழைய எழுத்துருவில் ஏடுகள் வந்தன. நெல்லை மாவட்டத்து வில்லுப்பாட்டுக் கலைஞர்களைப் பற்றி ஒருவர் பல ஆண்டு அலைந்து எழுதியதைத் தமிழில் தேடுகிறவர் கண்டுபிடிக்கவே முடியாது என்றால், அந்த ஏடு திறந்திருக்கிறது என்று சொல்வதில் பொருளில்லை. ஏட்டை யுனிகோடில் கேட்டு வாங்குவதற்குப் பெரிய நிதி வேண்டாம். பதிவாளர் அலுவலகம் ஒரு விதியைச் சேர்த்தால் போதும். ஆங்கிலத்தில் எழுதும் பொருளாதார, வேளாண், மருத்துவ ஆய்வுகளுக்கும் இதுபோல ஒரு விதி வேண்டும்: எந்த மக்களிடம் கேட்டு எழுதினாரோ அவர்கள் மொழியில் இரண்டு பக்கச் சுருக்கம். லைபீரியாவில் தடுத்தது 45 டாலர். தஞ்சை உழவருக்கு டாலரே தேவையில்லை, மொழியே தடுத்துவிடும்.

சந்தாவை அரசே கட்டிவிட்டால் களஞ்சியம் எதற்கு என்று இப்போது கேட்கிறார்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள். 6,300 அரசு நிறுவனங்களின் 1.8 கோடி மாணவர், ஆசிரியர், ஆய்வாளர்களுக்கு. மாவட்டத் தலைநகரிலுள்ள அரசுக் கல்லூரி மாணவி, பெரிய ஐஐடி மாணவர் படிக்கும் அதே இதழைப் படிக்க முடிகிறது என்பது சிறிய செய்தியல்ல. ஆனால் அது வாடகை வீடு. மூன்றாண்டு முடிந்ததும் மறுபடி பேரம், மறுபடி பணம். சுயநிதிக் கல்லூரி ஆசிரியர் அதற்கு வெளியே நிற்கிறார். வட்டார மருத்துவமனைக்கு வெளியே கிளினிக் நடத்தும் மருத்துவர், பத்திரிகையாளர், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆய்வாளர், ஒப்பந்தம் முடிந்து மின்னஞ்சல் முகவரியும் பறிபோன கௌரவ விரிவுரையாளர் எல்லோரும் வெளியேதான். இந்தியர் எழுதியதை லைபீரிய மருத்துவர் படிக்கவும் அந்தத் திட்டம் உதவாது. களஞ்சியம் உதவும்.

வெளியே நிற்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது ஊரறிந்தது. கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பக்யான் 2011இல் தொடங்கிய சைஹப் தளத்துக்குப் போகிறார்கள். பதிப்புரிமையை மீறிக் கட்டுரைகளைக் கொடுக்கும் தளம் அது. எல்செவியர், வைலி பதிப்பகங்களும் அமெரிக்க வேதியியல் சங்கமும் 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அதன்மேல் வழக்குத் தொடுத்தன. சட்டத்தின் முன் அது மீறல் என்பதில் ஐயமில்லை. சட்டத்தை மீறுவதை அறம் என்று கொண்டாடுவதும் சரியல்ல. ஆனால் பழியைப் பங்கிடும்போது ஒருவரை மறந்துவிடுகிறோம். தன் கைப்பிரதியைச் சட்டப்படியே பொதுவில் வைக்க உரிமையிருந்தும் வைக்காத ஆசிரியர்தான் அவர். பத்து நிமிடத்தில் அவர் செய்திருக்கக்கூடிய வேலையைச் செய்யாததால், தன் ஆய்வுக்கு அந்தக் கட்டுரை தேவைப்பட்ட மாணவர் சட்டத்தை மீறுகிறவராகிறார். அந்த மாணவரைவிட அந்த ஆசிரியரின் தவறு பெரிது.

ஓய்வு பெறும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பணி நிறைவு விழா முடிந்த மறுவாரம் துறைக் கணினி இன்னொருவர் மேசைக்குப் போய்விடும். அதிலுள்ள கோப்புகளை யாரும் எடுத்து வைக்க மாட்டார்கள். முப்பதாண்டு எழுதியவற்றின் கைப்பிரதிகள் உங்களிடம் மட்டும்தான் இருக்கின்றன. பழைய சிடிக்களிலும் பென்டிரைவிலும் மின்னஞ்சலின் அடியிலும் தேடுங்கள். உங்களிடம் பேசிய மக்கள் வேண்டாம் என்றவற்றை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை நூலகரிடம் ஒப்படையுங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தில் களஞ்சியம் இல்லையென்றால், கல்விப் பேரவையின் அடுத்த கூட்டத்திலேயே அதைக் கேளுங்கள்.